முதலில் காட்டும், பிறகுதான் எழுதும்: டெஸ்ட்டிஸ்க்

கும்பகோணத்தில் நான் வைத்திருப்பது பெயருக்கு ஜெராக்ஸ் கடை. பிழைப்பு ஓடுவது பின்பக்க மேசையில். அங்கேதான் லேப்டாப் பார்க்கிறேன். டிஸ்ப்ளே, கீபோர்டு, ஹிஞ்ச் புகார்களைத் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம். "அக்கா, டி டிரைவைக் காணோம்." "ஆன் பண்ணா கறுப்பா நிக்குதுக்கா." "நோ பூட்டபிள் டிவைஸ்னு வருது." இந்த ரகத்துக்கெல்லாம் நான் முதலில் எடுக்கும் மென்பொருள் டெஸ்ட்டிஸ்க். யூடியூபில் இதைச் செய்துகாட்டும் பலரும் கடைசியில் இருக்கும் 'ரைட்' (Write, டிஸ்க்கில் எழுது) என்ற சொல்லுக்கு ஓட்டமாக ஓடுகிறார்கள். அதற்கு முந்தைய திரையில்தான் இதன் அருமையே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே 1998இல் எழுதத் தொடங்கிய கருவி இது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 7.1 பதிப்பு 2019இல் வந்தது, அடுத்த 7.2க்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை வருஷம் அப்டேட் இல்லாததை எப்படி நம்புவது என்று சிலர் கேட்கிறார்கள். டிஸ்க்கில் பார்ட்டிஷன் (சி, டி என்று பிரித்த பகுதிகள்) பட்டியல் எழுதப்படும் முறை அந்த இடைவெளியில் மாறவே இல்லை. மாறாத ஒன்றைப் படிக்கும் கருவிக்கு மாதம் ஒரு அப்டேட் எதற்கு?

பார்க்க அழகாக இருக்காது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் வேலை செய்யாது, எல்லாம் அம்புக்குறி விசைதான். முதல்முறை திறப்பவருக்கு ஏதோ வைரஸ் ஓடுகிறதோ என்று பயம்கூட வரும். கடையில் ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஹேக் பண்றியா?" என்றே கேட்டார்.

இதை மதிப்பிடும் முன் ஒரு விஷயம் புரிய வேண்டும். டிஸ்க்கில் மூன்று அடுக்கு உண்டு. பகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற பட்டியல் முதல் அடுக்கு. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற ஒழுங்கு இரண்டாவது. விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிடும் பூட் ஃபைல்கள் மூன்றாவது. எது கெட்டாலும் வாடிக்கையாளர் சொல்வது ஒன்றுதான்: "சிஸ்டம் ஓபன் ஆகல." டெஸ்ட்டிஸ்க் முதல் அடுக்கில் கெட்டி. இரண்டாவதில் ஓரளவு. மூன்றாவதில் ஏறக்குறைய கை விரித்துவிடும். இது புரியாமல் இறங்குகிறவர்கள்தான் "ஓட்டினேன், வேலை செய்யல" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள்.

பட்டியல் என்பது எவ்வளவு சின்ன விஷயம் தெரியுமா? பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் எல்லாமே அடக்கம்: 446 பைட் பூட் நிரல், 64 பைட்டில் நான்கு பகுதிகளின் விவரம், கடைசி 2 பைட் முத்திரை. ஒரு டெராபைட் டிஸ்க்குக்கு அந்த 64 பைட்தான் ஆதாரம். புது ஜிபிடி முறையில் கொஞ்சம் தாராளம். 128 பகுதிகள் வரை இடம், தவிர டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு நகலும் உண்டு. "எல்லாம் போச்சு" என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போனது இந்தப் பட்டியல் மட்டும்தான். நிலம் அங்கேயே கிடக்கிறது, பட்டாதான் தொலைந்துபோயிருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் டிஸ்க்கை நடந்து பார்த்து, ஒவ்வொரு பகுதியின் தலையில் இருக்கும் அடையாளத்தை வைத்து எல்லையைத் திரும்ப வரைந்து காட்டுகிறது.

'காட்டுகிறது' என்பதுதான் முக்கியம். அனலைஸ், குவிக் சர்ச், டீப்பர் சர்ச் என்று எத்தனை தடவை ஓட்டினாலும் அது டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாது. கிடைத்த ஒவ்வொரு பகுதியின் மேலும் நின்று 'பி' (P) விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல் பெயர்கள் வரிசையாக வரும். பெயர்கள் சரியாக வந்தால் எல்லை சரி. ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கிறது என்று பதில் வந்தால், அது ஏதோ பழைய எச்சமாக இருக்கலாம், அவசரப்படக் கூடாது. விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் இதற்கு நேர் எதிர். 'சரிசெய்' என்று சொல்லி ஓட்டினால், தனக்குப் புரியாததையெல்லாம் வெட்டி, ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் பரவாயில்லை. டேட்டா முக்கியம் என்றால் அதை முதல் வைத்தியமாக ஓட்டாதீர்கள்.

இதன் அருமை எனக்குப் பிடிபட்ட கேஸ் ஒன்று. கல்வெட்டு ஆய்வு செய்யும் மாணவி. தாராசுரம், திருவிடைமருதூர், திருபுவனம் என்று அலைந்து எடுத்த படங்களும், அவற்றைப் படித்து எழுதிய வாசகங்களும், பாதி முடிந்த ஆய்வேடும் லேப்டாப்பின் டி டிரைவில் இருந்தன. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். மெதுவாக இருக்கிறது என்று தெரிந்த பையனிடம் கொடுத்திருக்கிறார். அவன் விண்டோஸ் ஏற்றும்போது பட்டியலில் இருந்த எல்லாப் பகுதியையும் அழித்துவிட்டு, முழு டிஸ்க்கையும் ஒரே சி டிரைவாக்கிக் கொடுத்துவிட்டான். லேப்டாப் ஜம்மென்று ஓடியது. டி மட்டும் இல்லை.

"ஆன் பண்ணி எவ்வளவு நேரம் யூஸ் பண்ணே?" என்றேன்.

"டி டிரைவைக் காணோம்னதும் ஆஃப் பண்ணிட்டேன்க்கா."

அந்தப் பெண்ணுக்கு நல்ல புத்தி. டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினேன். குவிக் சர்ச்சில் புது சி மட்டும் வந்தது. டீப்பர் சர்ச் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்; ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்காக ஓடும். காலையில் வந்து பார்த்தால் பழைய டி இரண்டு வரியில் நிற்கிறது! இது இந்தக் கருவியின் குறும்பு. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் (பகுதியின் தலையில் இருக்கும் அடையாளத் துண்டு) நகல் ஒன்றைப் பகுதியின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் சில சமயம் அந்த நகலையும் ஒரு தொடக்கமாக எடுத்துக்கொண்டு, இல்லாத பகுதி ஒன்றைக் காட்டும். ஒரு வரியில் 'பி' அழுத்தினேன், திறக்க மறுத்தது. அடுத்ததில் அழுத்தினேன், ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. தமிழில் பெயரிட்டவை கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அது கறுப்புத் திரையின் எழுத்துருக் கோளாறு, ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேதியை வைத்து அவரே அடையாளம் சொன்னார்.

இந்த இடத்தில் 'ரைட்' கொடுத்திருந்தால்? புது சியும் பழைய டியும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் 'ஸ்ட்ரக்சர்: பேட்' என்று டெஸ்ட்டிஸ்க்கே சொல்லிவிடும். டியை மட்டும் வைத்து எழுதலாம், புது விண்டோஸ் போய்விடும். ஆனால் எதையுமே எழுதத் தேவையில்லை. 'ஏ' விசையால் எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்து 'சி' அழுத்தி, வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தால் முடிந்தது. அழிந்துபோன பார்ட்டிஷனுக்குள் இருந்து, அதைத் திரும்ப உயிர்ப்பிக்காமலேயே, ஃபோல்டர் பெயரோடு ஃபைலை வெளியே எடுத்துத் தருகிறது. காசு வாங்கும் மென்பொருள்களும் இதைச் செய்யும்தான். முதலில் எல்லாப் பெயரையும் காட்டி ஆசை மூட்டிவிட்டு, 'சேவ்' அழுத்தும்போது பில் நீட்டும். வெளி டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபைல் ஒழுங்கில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, அதை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தப்பியது என்றால், புது விண்டோஸ் எழுதியதெல்லாம் பெரும்பாலும் டிஸ்க்கின் முன்பகுதியில். பழைய டி தொடங்கியது அதற்கு வெகுதூரம் தள்ளி. அதே லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்திருந்தால் கதை வேறு. ஃபார்மட் அடிக்கும்போதே "இந்த இடமெல்லாம் காலி" என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு ட்ரிம் ஆணை கொடுத்துவிடும். அதன்பிறகு டெஸ்ட்டிஸ்க் என்ன, யார் வந்தாலும் பார்ப்பது பூஜ்ஜியம்தான். இதை வாடிக்கையாளரிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி பூட். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், என் பழைய வாத்தியார்தான், லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நூறு எம்பி ஒண்ணு சும்மா கிடந்துச்சும்மா. எதுக்கு வேஸ்ட்டுன்னு எடுத்து சேர்க்கப் பார்த்தேன்."

"சார், விண்டோஸ் எந்திரிக்கிறதே அதுலேருந்துதான் சார்."

யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை கொண்ட லேப்டாப்களில் விண்டோஸ் தானாகப் போடும் அந்தச் சின்னப் பகுதிதான் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். எஃப்ஏடி32, வழக்கமாக 100 எம்பி. சில கம்பெனிகள் 260 வைக்கும். பூட் மேனேஜரும், எந்தப் பகுதியிலிருந்து எழ வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் பிசிடி ஃபைலும் அதற்குள். சாரின் டிஸ்க்கில் அழிந்தது பட்டியல் வரி மட்டும். குவிக் சர்ச்சிலேயே வந்துவிட்டது. 'பி' அழுத்தினால் ஈஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் எல்லாம் பத்திரம். இங்கே 'ரைட்' கொடுப்பதுதான் சரி. ஆனால் கொடுக்கும் முன் இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று, அந்தப் பகுதி சாதாரண 'எம்எஸ் டேட்டா' என்று காட்டப்பட்டால் 'டி' (T) விசையால் வகையை 'ஈஎஃப்ஐ சிஸ்டம்' ஆக்க வேண்டும். இரண்டு, டெஸ்ட்டிஸ்க் எழுதுவது திரையில் இருக்கும் பட்டியலை மட்டுமே. 'டிலீட்டட்' என்று குறித்து நிற்பவை எதுவும் புதுப் பட்டியலில் வராது. வேண்டிய பகுதிகள் அத்தனையும் பச்சையாக நிற்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எழுதியும் சாரின் லேப்டாப் எழவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். ஜிபிடியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடையாள எண் உண்டு. டெஸ்ட்டிஸ்க் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப எழுதும்போது அந்த எண் மாறிவிடலாம். பிசிடி பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பட்டியலை மீட்டதோடு வேலை முடியாது, பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதும் பிசிடிபூட் என்ற விண்டோஸ் கட்டளையை ஓட்டியாக வேண்டும். இதை டெஸ்ட்டிஸ்க் திரையில் எங்காவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். இதுதான் அதன் மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம். "ரீபூட் செய்யவும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறது. வீட்டில் செய்கிறவர் அங்கேயே மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்.

பிசிடிபூட் கஷ்டமில்லை. விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் கமாண்ட் திரை வரும். டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் வால்யூம் (பகுதி) பட்டியலைப் பார்த்து, அந்த 100 எம்பி பகுதிக்கு எஸ் என்று ஒரு எழுத்துக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் பகுதிக்கு இப்போது என்ன எழுத்து என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சூழலில் அது சியாக இருக்கும் என்று உறுதியில்லை, பல தடவை டியாகவோ ஈயாகவோ இருக்கும். பிறகு பிசிடிபூட்டுக்கு மூன்று விஷயம் சொல்கிறோம்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, எழுத வேண்டிய பகுதி எஸ், வகை யூஇஎஃப்ஐ. 'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுலி கிரியேட்டட்' என்று ஒரு வரி வரும். சாருக்கு அது போதுமாயிருந்தது. ஈஎஃப்ஐ பகுதியின் உள்ளடக்கமே நாசமாகிவிட்டால்கூட அதை மட்டும் எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்துவிட்டு இதே கட்டளையை ஓட்டலாம். ஃபார்மட் செய்வது அந்த 100 எம்பியைத்தானா என்று மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

இதற்கெல்லாம் பூட்ரெக் என்று நான்கு கட்டளையை ஒப்பிக்கும் வீடியோக்கள் ஏராளம். அதில் ஃபிக்ஸ்எம்பிஆர் என்பது பழைய எம்பிஆர் டிஸ்க்குக்கானது, யூஇஎஃப்ஐ லேப்டாப் எழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபிக்ஸ்பூட் கொடுத்தால் விண்டோஸ் 10இல் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்று திருப்பி அனுப்பிவிடுவது பிரசித்தம். மூல வியாதி தெரியாமல் நான்கு மாத்திரையையும் விழுங்கச் சொல்கிறார்கள்.

பூட் விஷயத்தில் டெஸ்ட்டிஸ்க் தானே கை கொடுக்கும் ஒரே இடம் பழைய எம்பிஆர் லேப்டாப்கள். 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்றைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்தது. லினக்ஸ் எதற்கு என்று அந்தப் பகுதியை விண்டோஸுக்குள்ளிருந்தே அழித்துவிடுவார்கள். கிரப் என்ற பூட் நிரலின் முதல் துண்டு எம்பிஆரில் இருக்கும், மிச்ச ஃபைல்கள் அழிந்த பகுதியில் போயிருக்கும். அடுத்த தடவை ஆன் செய்தால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். டெஸ்ட்டிஸ்க்கில் 'எம்பிஆர் கோட்' கொடுத்தால் கிரப்பை எடுத்துவிட்டு, பூட் குறியிட்ட பகுதியை எழுப்பும் தன் சிறு நிரலை அந்த 446 பைட்டில் எழுதிவிடும். விண்டோஸ் பகுதியில் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும், அவ்வளவுதான். டீ வருவதற்குள் முடிந்துவிடும் வேலை.

கை விரிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு (என்கிரிப்ஷன்) போட்ட டிஸ்க்கில் எல்லையைத் தேடலாம், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இப்போது வரும் லேப்டாப் பலவற்றில், வாங்கியவருக்கே தெரியாமல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் என்கிரிப்ஷன் ஏறியிருக்கும். 48 இலக்க ரெக்கவரி எண் அந்தக் கணக்கில் இருக்கும். எந்த மெயில் ஐடி போட்டோம் என்பதே மறந்துபோனவர்கள் என் கடையில் வாரம் ஒருவராவது உட்கார்ந்திருப்பார்கள். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, சாகக் கிடக்கும் டிஸ்க். டக் டக் என்று சத்தம் வந்தாலோ, டெஸ்ட்டிஸ்க்கின் டிஸ்க் பட்டியல் திரையில் ஒரு டெராபைட் டிஸ்க் சில எம்பி என்று காட்டினாலோ, டீப்பர் சர்ச் போடவே போடாதீர்கள். சத்தம் வரும் டிஸ்க்கை நான் தொடுவதில்லை, சென்னையில் டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்பச் சொல்லிவிடுவேன். சத்தமில்லாமல் படிப்பதில் மட்டும் தடுமாறினால், சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியால் வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில்தான் டெஸ்ட்டிஸ்க். சிஸ்டம்ரெஸ்க்யூவிலேயே டெஸ்ட்டிஸ்க்கும், பகுதிகளைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டெடும் சேர்ந்து வருவதால் எனக்கு அந்த ஒரு பென் டிரைவே போதும்.

கூடவே வரும் ஃபோட்டோரெக் கடைசிக் கை. ஃபைல் சிஸ்டமே இல்லாவிட்டாலும் படங்களையும் டாக்குமென்ட்டுகளையும் தோண்டி எடுக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்கள் எண் பெயரோடு குவிந்து கிடக்கும். பிரித்து அடுக்குவது உங்கள் பாடு.

"ஃப்ரீ சாஃப்ட்வேர்தானேக்கா, எதுக்கு காசு?" என்று ஒரு தம்பி கேட்டான். இரவு முழுக்க என் கணினி, என் கரண்ட், நடுவில் கரண்ட் போகக் கூடாது என்று வைத்திருக்கும் யூபிஎஸ் என்று கணக்குச் சொன்னேன். நானே செய்துகொள்கிறேன் என்றான். சரி என்று எப்படி என்று காட்டியும் கொடுத்தேன். 'லாக் கிரியேட்' என்று முதல் திரையில் கேட்கும்போது ஆம் என்று கொடுக்கச் சொன்னேன். நடுவில் சந்தேகம் வந்தால் அந்த லாக் ஃபைலைத்தான் யாராயிருந்தாலும் கேட்பார்கள்.

நீங்களும் செய்து பார்ப்பதென்றால் சிஜிசெக்யூரிட்டி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதே பெயரைக் காட்டிக் காசு பறிக்கும் விளம்பரங்கள் தேடலில் மேலே வரும். இன்ஸ்டால் கிடையாது, ஜிப்பைப் பிரித்தால் ஓடும். ஆனால் எதைத் தேடுகிறீர்களோ அந்த டிஸ்க்கிலேயே பிரித்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள்.